அக்காவின் வளவுக்குத் தென்னையா, பனையா, பேரீச்சையா?

இலண்டனில் என் அக்கா வீட்டுப் பின்வளவில் ஒரு பனை நிற்கிறது. பனை என்று அக்காதான் சொல்கிறார். ஓலை விசிறிபோல் இருப்பதால் நானும் மறுப்பதில்லை. போன தை மாதம் வீடியோ அழைப்பில் அதைக் காட்டினார். புல்தரை முழுவதும் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஓலை விளிம்புகளில் சீனி தூவியதுபோல் உறைபனி ஒட்டியிருந்தது. மரமோ ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. பன்னிரண்டு வருடமாக அதற்கு அவர் செய்த பணிவிடை, முதல் இரண்டு குளிர்காலத்தில் ஒரு துணியைச் சுற்றிவிட்டது மட்டும்தான். "இதைப்போல ஒன்று ஊர் வளவுக்கும் பார்த்துச் சொல்லு தம்பி. யாரும் கவனிக்காமலே நிற்க வேண்டும்" என்றார்.

ஊர் வளவு என்பது மட்டக்களப்பு மாவட்டத்துத் தேற்றாத்தீவில் அவருக்குச் சீதனமாக வந்த 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர் நிலம். பூட்டிய ஓட்டு வீடு, ஒரு கிணறு, என் வேலிக்கு அடுத்த பக்கம். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கத்துக் கரை) மணல், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அங்கு நின்ற எட்டுத் தென்னைகளில் ஐந்து பட்டுவிட்டன. வெளிநாட்டில் இருப்பவர்களின் இப்படிப்பட்ட வளவுகள் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு இருக்கின்றன. ஆகவே அக்காவுக்குத் தவணை முறையில் தொலைபேசியில் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அக்காவின் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சீனத்து மரம். இராபர்ட் போர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சூசான் தீவில் அதைக் கண்டு 1849 இல் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். அதனால் ஆங்கிலேயருக்கு அது சூசான் பனை. அடிமரத்தைச் சுற்றிப் பன்னாடைபோல் பழுப்பு நார் மண்டியிருக்கும். சீனத்துக் குடியானவர்கள் அந்த நாரில் மழைக்கு உடுப்புச் செய்து போட்டார்கள். வளர்ந்த மரம் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரையும் தாங்கும். "விதை அனுப்பவா?" என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். விமான நிலையத்தில் தாவரக் காப்புக்காரர்கள் பறித்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். மற்றது, குளிருக்கு அஞ்சாத அந்த மரம் எங்கள் சூட்டுக்கு அஞ்சும். நுவரெலியாவில் நட்டால் மகிழ்ச்சியாக நிற்கும். சித்திரை வைகாசியில் இரவிலும் வியர்க்கும் தேற்றாத்தீவில் அது நோயாளிபோல்தான் இருக்கும்.

எனவே "பலமான மரம்" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. தென்னையோ பனையோ பேரீச்சையோ, இந்தக் குடும்பத்துக்கு உயிர் ஓரிடத்தில்தான் இருக்கிறது: உச்சியில் உள்ள குருத்து. முருங்கையை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னையின் குருத்துப் போனால் மரமே போயிற்று. இலண்டனில் அந்தக் குருத்தைக் கொல்வது உறைபனி. இங்கே கொல்பவர்கள் வேறு: ஆடியில் அடிக்கும் கச்சான், கார்த்திகையில் வரும் புயல், வருடம் முழுவதும் விடுப்பு எடுக்காத வண்டு. (அயலூர்க்காரருக்கு: எங்களிடம் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான், தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்றும்தான். இங்கே பேச்சு காற்றைப் பற்றியது.) இவற்றோடு வேலி பிரித்து நுழையும் மாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்னையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகும். 2025 இல் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது, சம்பலுக்குப் பாதித் தேங்காய் போதும் என்று கணக்குப் பார்த்த வீடுகள் எத்தனை! எழுவான்கரை மணல் தென்னைக்கென்றே போட்டதுபோல் இருக்கும். பத்து அடிக்குள் நல்ல தண்ணீர். தென்னைக்கு ஆணிவேர் இல்லாவிட்டாலும் அதன் ஆயிரக்கணக்கான நார்வேர்கள் அந்த ஈரத்தை எட்டிவிடும். உப்புக் காற்றும் அதற்குப் பழக்கம். 2004 இல் கடல் வந்து போன பிறகு, வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போன கரையிலும் தென்னைகள் பல நின்றதைப் பார்த்தோம்.

26 அடிக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்கு 64 கன்று. அந்தக் கணக்கில் அக்காவின் கால் ஏக்கருக்கு 16. வீட்டையும் கிணற்றையும் கழித்தால் பத்துக்கு மேல் வைக்க முடியாது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறு ஏழு வருடம் செல்லும். குட்டையும் கலப்பினமும் மூன்று நான்கு வருடத்தில் பாளை தள்ளும். லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையம் 1929 இலிருந்து இதற்கென்றே இருக்கிறது. அவர்கள் தரும் கன்று நம்பிக்கையானது. ஒன்று மட்டும்: காலி, மாத்தறைப் பக்கமிருந்து மலிவாக ஏற்றிவரும் கன்றுகளை வாங்கவே கூடாது. வெலிகம வாடல் நோய் அங்கே இருப்பதால், அங்கிருந்து தென்னங்கன்று வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது.

இவ்வளவும் நல்ல செய்தி. கெட்ட செய்தியை என் சொந்த மரத்திலிருந்து சொல்கிறேன். குசினிக்குப் பின்னால் ஒரு செவ்விளநீர் நின்றது. என் மகன் சிறு வயதில் ஏறுவதற்காக அதில் கத்தியால் படி கொத்தியிருந்தான். தென்னைக்குப் பட்டை கிடையாது, காயம் மூடாது. கொத்திய படி கொத்தியபடியே இருக்கும். ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் நடு ஓலை ஒன்று காரணமில்லாமல் சாய்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, கையை மரத்தில் ஊன்றி, காதை ஒட்டி வைத்துக் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். உள்ளே நெறுநெறுவென்று ஒரு சத்தம், யாரோ கரும்பைக் கடிப்பதுபோல். செவ்வண்டின் புழு. படிக் காயத்தில் வழிந்து காய்ந்த பழுப்புச் சாற்றை நான் மாதக்கணக்காக மழைக்கறை என்று நினைத்திருக்கிறேன். மரத்தைத் தறித்தபோது நடுத்தண்டு ஈரமான தேங்காய்ப் பொச்சுத் தும்பைப்போல் கையோடு வந்தது.

செவ்வண்டு காயத்தில் வரும். கருவண்டு குருத்தையே குடையும். விரியும் ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டினாற்போல் இருந்தால் அது கருவண்டின் கையெழுத்து. இளம் கன்றுக்கு மட்டைக் கவட்டில் இரண்டு மூன்று பூச்சி உருண்டை போட்டு மணலால் மூடுவோம். எருக்குவியலையும் உக்கிய குற்றியையும் வளவில் வைத்திருந்தால் அங்கேதான் அது குஞ்சு பொரிக்கும். இப்போது வெண் ஈயும் வந்துவிட்டது. ஓலையின் அடியில் வெள்ளை மெழுகில் சுருள் சுருளாகக் கோலம் போடும். அதிலிருந்து சொட்டும் இனிப்பு நீரில் கரும்பூஞ்சை படர்ந்து, மரத்தின் கீழே கொடியில் காய்ந்த வேட்டிவரை கறுக்கும். மரம் சாகாது, காய் குறையும். சவர்க்காரத் தண்ணீரை அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தமாக அடிக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். தேங்காய் பறிக்கவும் ஆள் வேண்டும். பறிக்காவிட்டால் பூட்டிய வீட்டின் ஓட்டில் விழும். அக்காவின் நிபந்தனையை நினைவுபடுத்துகிறேன்: யாரும் கவனிக்காமல்.

புயல் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 1978 கார்த்திகை மாதம், நவம்பர் 23 இரவு, எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. பள்ளிக்கூடக் கட்டடத்தில் மேசைக்குக் கீழே இருந்தோம். விடிந்து வெளியே வந்தபோது, கடல் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரிந்தது. அதற்கு முன் தெரிந்ததில்லை. நடுவில் தென்னந்தோப்பு இருந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னையில் பெரும் பகுதி அந்த ஓரிரவில் போயிற்று. வேரோடு சாய்ந்தவை, இடுப்பில் முறிந்தவை, தலையை மட்டும் திருகி எறியப்பட்டவை. கோவில் பக்கத்தில் மூன்று பனை நின்றது. ஓலை எல்லாம் பிய்ந்து குடைக்கம்பிபோல் இருந்தன, ஆனால் நின்றன. அடுத்த மாரிக்குள் புதுக் குருத்து விட்டிருந்தன.

இதைச் சொன்னதும் அக்கா, "அப்போது பனையே வைத்துவிடு" என்றார். அவசரப்படக் கூடாது.

பனை வைக்கிற மரமில்லை, போடுகிற மரம். நாற்று மேடையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது, ஏனென்றால் அது வாழ்க்கையைக் கீழ்நோக்கித் தொடங்குகிறது. விதையிலிருந்து வெளிவரும் முளை முதலில் இரண்டு மூன்று அடி மண்ணுக்குள் இறங்கும். அங்கே கிழங்கு திரண்ட பிறகுதான் மேலே ஓர் ஓலைக் கீற்று தலை காட்டும். நாங்கள் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அந்த முளைதான். நிலத்துக்கு மேலே ஒன்றும் தெரியாத அந்த மாதங்களில் வளவுக்காரருக்குப் பொறுமை போய்விடும். ஓலை வந்த பிறகும் வடலியாகவே (இளம் பனையாகவே) பல வருடம் நிற்கும். காய்க்கப் பன்னிரண்டு வருடத்திலிருந்து இருபது வருடம் வரை ஆகலாம்.

இதிலும் ஒரு சூது இருக்கிறது. ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பூக்கும்வரை எது எதுவென்று சொல்ல முடியாது. பத்து விதை போட்டால் பாதி ஆணாகப் போகலாம் என்று எண்ணித்தான் போட வேண்டும். பிறகு பெண்பனையைத் தறிக்க நினைத்தால் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். பலாவையும் ஈரப்பலாவையும்போல அதையும் அரசாங்கம் காப்பாற்றி வைத்திருக்கிறது. வீடு பெருப்பிக்கும் எண்ணம் இருக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் பின்னால் வருந்தக் கூடாது.

மறுபக்கத்தில், வடலி வேரூன்றிய பிறகு அது எதையும் கேட்காது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். கச்சான் காற்றில் என் தென்னங்கன்றுகளின் ஓலை நுனி தீப்பட்டதுபோல் காய, பக்கத்து வடலி பளபளவென்று நிற்கும். மட்டையின் இரு விளிம்பும் கருக்கு, அரிவாள்போல். மாடு ஒரு தடவை மூக்கை வைத்தால் மறுதடவை வராது. காய்க்கும் முன்பே ஓலை உதவும். காய்த்த பிறகு நுங்கு, பனம்பழம், பனாட்டு, கிழங்கு, ஒடியல் என்று ஒரு மரம் வருடம் முழுவதும் ஏதாவது தந்துகொண்டிருக்கும். நூறு வருடம் இருக்கும்.

"காய்க்கும்போது எனக்கு எழுபது தாண்டியிருக்கும்" என்றார் அக்கா.

"ஓம், தாண்டியிருக்கும்."

"பரவாயில்லை. நுங்கு குடிக்கப் பல் தேவையில்லைத்தானே."

பேரீச்சையை இந்தப் பட்டியலில் சேர்த்தது அத்தான். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகும் யாருக்கும் காத்தான்குடி பிரதான வீதியின் நடுவில் வரிசையாக நிற்கும் பேரீச்சை மரங்கள் தெரியும். காய்க்கும் பருவத்தில் குலை குலையாகத் தொங்கும். புதியவர்கள் யன்னலால் தலையை நீட்டிப் படம் எடுப்பார்கள். "அங்கே காய்த்தால் பத்து மைல் தள்ளி ஏன் காய்க்காது?" என்பது அத்தானின் வாதம். தவறான வாதமில்லை. உப்பு மண்ணையும் சவர்த் தண்ணீரையும் பேரீச்சை தாங்குவதுபோல் வேறு பழமரம் எதுவும் தாங்காது. கச்சான் அதற்குச் சொந்தக்காரன் மாதிரி. பழுக்கும் நேரத்தில் அதற்கு வேண்டியதே வறண்ட சூடுதான்.

ஆனால் அந்த மரங்களுக்குப் பின்னால் கைகள் இருக்கின்றன. அங்கே மின்சாமான் கடை வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். பேரீச்சையிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பாளை வெடித்ததும் பூங்கதிரை அறுத்து, பெண் பாளைக்குள் சொருகிக் கட்ட வேண்டும். மா போன்ற வெள்ளைத் தூள் சட்டை முழுவதும் படியும். காற்றை நம்பி விட்டால் பிஞ்சு பிடிப்பது அரிது. பிடித்த பிறகு வௌவாலுக்கும் கிளிக்கும் முந்திக்கொண்டு குலையை மூடிக் கட்ட வேண்டும். மட்டை அடியில் உள்ள முள் விரலில் ஏறினால் ஒரு கிழமைக்கு வலி நிற்காது. செவ்வண்டுக்குத் தென்னையைவிடப் பேரீச்சையில் ஆசை குறைவென்றும் சொல்ல முடியாது. உலகம் முழுவதும் பேரீச்சைத் தோட்டக்காரரின் முதல் பகை அதுதான்.

என் அனுபவம் இன்னும் கசப்பு. வீதியோரத்து நாற்றுமேடை ஒன்றில் "பெண் மரம், உத்தரவாதம்" என்று நல்ல விலைக்கு இரண்டு கன்று வாங்கினேன். கொட்டையிலிருந்து முளைத்த கன்றுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, தாய்மரத்தின் அடியில் விடும் பக்கக்கன்றோ ஆய்வுகூடத்தில் வளர்த்த கன்றோ என்றால் மட்டுமே ஆண் பெண் சொல்லலாம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் வருடம் இரண்டும் பாளை விட்டன. இரண்டும் ஆண். இப்போது காத்தான்குடி நானா பருவம் வந்தால் வந்து பூங்கதிர் அறுத்துக்கொண்டு போகிறார். நோன்புக்கு ஒரு பெட்டி பழம் கொண்டுவந்து தருகிறார். அந்த வகையில் எனக்கு நட்டமில்லை.

கித்துளைப் பற்றி ஒருவர் கேட்டார். அது மழைநாட்டு மரம். கருப்பட்டி ஆசையில் இந்த மணலில் வைக்க வேண்டாம். மதிலோரத்துக்கு விற்கும் போத்தல் பாம், நரிவால் பாம் வகையறா பார்க்க அழகு. தென்னைக்கு ஊற்றும் தண்ணீரைக் கேட்டுவிட்டு ஒரு குரும்பட்டியும் தராத மரத்துக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. இது என் தனிப்பட்ட வெறுப்பு. வாசகர் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் நிலம் உள்ளவர்கள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே களிமண், மாரியில் தண்ணீர் நிற்கும். மேடு கட்டாமல் தென்னை வைத்தால் வேர் மூச்சு முட்டும். அதைவிடப் பெரிய கணக்கு யானை. வெல்லாவெளிப் பக்கத்திலும் அம்பாறை எல்லையிலும் ஓரிரவில் வந்து, ஐந்து வருடத் தென்னையைக் காலால் சாய்த்து, குருத்தை மட்டும் தின்றுவிட்டு விடியும் முன் போய்விடும். வளர்ந்த பனையை நெருக்கமாக நிறுத்தினால் வேலியாகும் என்று அந்தப் பகுதிகளில் விதை போடுகிறார்கள். ஆனால் இளம் வடலியின் குருத்தும் யானைக்கு இனிப்புத்தான். வேலியாகும்வரை அந்த வேலியை யார் காப்பது என்பதுதான் அங்குள்ள கேள்வி.

அக்காவின் வளவுக்கு நான் வரைந்த படம் இது. கடல் பக்க எல்லையிலும் தெற்கு வேலியோரமாகவும் பனை. ஆவணி புரட்டாசியில் விழுந்த பழத்தின் விதைகளை இரண்டு சாக்கில் சேர்த்திருக்கிறேன், மழை தொடங்கியதும் இடத்துக்கு மூன்றாகப் போடுவோம். நிற்கும் மூன்று பழைய நெட்டைத் தென்னையும் நிற்கட்டும். என் வேலியை ஒட்டி, என் குழாய் எட்டும் தூரத்தில் மட்டும் நான்கு புதுத் தென்னம்பிள்ளை. மூன்றடி ஆழக் குழி, அடியில் பொச்சை வாய் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்கி இடையில் மணல் போட்டால், கோடையில் அந்தப் பொச்சுக் குடித்து வைத்த தண்ணீரில் கன்று ஒரு கிழமை தாக்குப்பிடிக்கும். அந்த நான்கும் உண்மையில் என் பொறுப்பு. காயில் பாதி எனக்கு என்று பேசியிருக்கிறோம். குட்டையும் செவ்விளநீரும் வேண்டாம் என்றுவிட்டேன், செவ்வண்டுக்கு அவை முதல் பந்தி. பேரீச்சை இல்லை. அத்தான் இரண்டு நாள் பேசவில்லை.

"மறுகா? கிணற்றடி வெறுமையாகக் கிடக்கிறதே?" என்று அக்கா கேட்டார்.

அதற்குப் பதில் அம்மாவிடமிருந்து வந்தது. இவ்வளவு நேரமும் வாசல்படியில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், கமுகு என்றார். நான் மறுத்தேன். கமுகுக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். கச்சான் நேரே அடித்தால் தண்டு வெயிலில் வெந்து வெடிக்கும். இந்த வளவில் மிக மென்மையான மரம் அதுதான். வைக்கக்கூடாதவற்றில் முதலாவதாக எழுதியிருந்தேன். "குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடம். மேற்கே கிணற்றுச் சுவரும் வீடும் நிழல் தரும்" என்றார் அம்மா. "வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு ஒவ்வொரு வருடமும் கமுகம்பாளைக்கு ஊரார் வளவில் போய் நிற்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது."

பூட்டிய வீட்டில் யார் குளிப்பது என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா ஏற்கெனவே துவாயை எடுத்துத் தோளில் போட்டிருந்தார். அன்றிலிருந்து அவர் குளிப்பது அக்கா வளவுக் கிணற்றில்தான். இரண்டு கமுகங்கன்றும் மூன்றாவது ஓலை விட்டிருக்கின்றன.